சுவாமியார் எழுந்துபோன பரீட்சை

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில் நான்காவது வருடம் நடந்தபோது, நிதித்துறையில் இரண்டு வருடப் பட்டப்படிப்பு ஒன்றில் இணையம் வழியாகச் சேர்ந்தேன். கல்லூரி அமெரிக்காவில் இருந்தது. என் வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறியதால் வகுப்புக்குப் போய்ப் படிக்க வழியில்லை.

தட்டில் பாண் துண்டை வைக்கும்போதெல்லாம், இன்னும் முப்பது வருடம் இதுதானா என்று மனம் பதறும். படிக்கத் தொடங்கியும் அந்தப் பதற்றம் அடங்கவில்லை. கலந்துரையாடல் பக்கத்தில் நான் எழுதியதற்கு யாராவது பதில் போட்டார்களா என்று பார்க்க, சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுவேன்.

"உமக்கேன் இந்த அந்தரம்? கொம்பியூட்டர் ஒரு இடமும் ஓடாது" என்பார் கணவர்.

கடைசிப் பரீட்சையை ஒரு கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும், அவர் ஒரு மதகுருவாகவும் இருக்கலாம் என்றது கல்லூரி. எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குச் சுவாமியார் சம்மதித்தார். வினாத்தாள் ஒட்டிய உறையில் அவருக்கே தபாலில் வந்தது.

சனிக்கிழமை காலை, கோவில் மண்டபத்தில் எழுதத் தொடங்கி ஒரு மணிநேரம் இருக்கும். அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. கர்க்லாண்டில் பங்குக்காரர் ஒருவர் சாகக் கிடக்கிறார், கடைசியாக எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க வரவேண்டுமாம். சுவாமியார் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார்.

"போங்கோ சுவாமி. அந்த மனுசனுக்கு இன்னொரு நாள் இல்லை" என்றேன்.

அவர் போன பிறகு ஒரு வரியும் ஓடவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த பைக்குள் பாடப்புத்தகம் கிடந்தது. நான் அதைத் திறக்கவில்லை. ஆனால் திறக்கவில்லை என்பதற்கு யார் சாட்சி? எழுந்து நடந்தேன், திரும்ப இருந்தேன். கடைசியில் பையைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே பனியில் வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதி முடித்தேன்.

மதியம் சுவாமியார் திரும்பி வந்தார். முழு நேரமும் கூட இருந்ததாக அவர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது.

"பிள்ளை, நீர் புத்தகம் பாத்திருக்க மாட்டீர். எனக்குத் தெரியும்."

"ஓம் சுவாமி. ஆனா நீங்கள் இருக்கேல்லையே."

அவர் நடந்ததை நடந்தபடி எழுதினார். கல்லூரி அந்தப் பரீட்சையை ரத்துச் செய்தது. அவ்வளவு உத்தமியாக இருக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது என்று ஒரு மாதம் என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் முறை நூலகர் ஒருவர் கண்காணித்தார். வினாக்கள் கடினம்; மட்டுமட்டாகத்தான் தேறினேன். இறந்தவரின் மனைவி, நடந்ததைச் சுவாமியார் சொல்லி அறிந்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து என் கையைப் பிடித்தார். தன் கணவர் நினைவோடு இருக்கும்போதே சுவாமி வந்து சேர்ந்ததாகச் சொன்னார்.

அடுத்த வருடம் புரோசார்டில் வீட்டுக்கடன் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் பட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தமிழ் தெரியுமா, திங்கட்கிழமை வரமுடியுமா என்றுதான் கேட்டார்.