கலைவாணி அக்காவின் வலது கை

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. அக்காவின் பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஊரிலிருந்து பேசினார். மாடு அக்காவை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது, சித்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருக்கிறோம், நீ நேராக அங்கே வந்துவிடு என்றார். நான் திருப்பதியில் குடியிருக்கிறேன். பஸ் சந்திரகிரியைத் தாண்டிய பிறகு மறுபடியும் அவரே அழைத்தார். இரண்டாவது முறை, இனி அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வெதுருகுப்பத்துக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் ஊரிலிருந்து அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். மாட்டுக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருடம் கறவை வைத்திருந்தவள் இப்படிச் செய்யலாமா என்றார்கள். மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போது லாரி ஹாரன் அடித்திருக்கிறது. மாடு மிரண்டது. கயிறு கையை விடவில்லை. ரோட்டுக் கல்வெர்ட்டுப் பாலத்தின் ஓரத்தில் தலை மோதிவிட்டது.

அசட்டையாக இருந்து செத்துப்போனாள் என்ற பேச்சு அவளுக்குப் பின்னால் தங்கிவிடக் கூடாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

கலைவாணி அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மாமா பெயர் புருஷோத்தமன். இரண்டு பேரும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒரு மாடு வாங்கி, அதை மூன்றாக்கி, குத்தகைக்குக் கொஞ்சம் நிலமும் பிடித்தார்கள். மாமா போன பிறகு மாடுகள்தான் வீட்டை நடத்தின. ஒரே மகன் சந்துரு பெங்களூரில் வேலை பார்க்கிறான். மாடுகளை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி பல முறை கூப்பிட்டான். அங்கே வந்து யாருக்குப் பால் கறப்பது என்று கேட்டுவிட்டாள்.

அவள் கட்டை விரலை உள்ளே மடக்கி, காம்பை அதன் முட்டியில் அழுத்திக் கறப்பாள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். காலை மாலை இரண்டு வேளையும் அப்படிக் கறந்து கறந்து, போன வருடம் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவாள். டம்ளர் நழுவியது. ஜாக்கெட் கொக்கி மாட்ட லட்சுமம்மா வர வேண்டியிருந்தது. அப்போதும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அஞ்சு விரலில் சுண்டு விரல் ஒன்றுதான் தன் பேச்சைக் கேட்கிறது என்று.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் நாகபூஷணம் பொறுமையானவர். "சேத்திகி திம்மிர்லு வஸ்தாயாம்மா?" என்று கேட்டார். கை மரத்துப்போகிறதா என்பதற்குத் தெலுங்கில் அப்படித்தான் கேட்பார்கள். அக்காவுக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். இருந்தும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "எனக்குத் திமிருன்னு உங்க மாமா சொல்லிக்கினே இருப்பாரு. இப்ப டாக்டரும் சொல்லிட்டாரு பாரு பாப்பா."

எப்படிக் கறப்பாய், காட்டு என்றார் டாக்டர். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே நின்றுபோனது. அவள் பிடியில் பலமே இல்லை. டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பி, கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் மேட்டை எனக்குக் காட்டினார். இடது கையில் அது சதைப்பிடிப்பாக இருந்தது. வலது கையில் குழி விழுந்திருந்தது.

விரல்களுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாக நுழைகிறது, அதன் மேல் தடித்த பட்டை ஒன்று கூரைபோல மூடியிருக்கிறது, அந்தப் பட்டை நரம்பை நசுக்குகிறது என்று படம் போட்டு விளக்கினார். பட்டையை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும். வெட்ட இரண்டு வழி. உள்ளங்கையில் நேராகக் கீறி, கண்ணால் பார்த்தே வெட்டலாம். அதை ஓப்பன் என்பார்கள், அதை அவரே செய்வார். இல்லையென்றால் மணிக்கட்டில் சின்னதாக ஒரு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு வெட்டலாம்; அதற்குச் சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை வேறு டாக்டர் வருகிறார்.

ஓப்பன் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மாமாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி ஆபரேஷனுக்கு அழைத்துப்போனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். ஓப்பன் பண்ணி மூடிட்டாங்க என்றுதான் ஊரில் சொன்னார்கள். அந்த மாதத்துக்குள் மாமா போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு அர்த்தம்தான். வெளியே வந்து நான் சொல்லிப் பார்த்தேன்: இது வேறு, கை மட்டும் மரக்க ஊசி போடுவார்கள், நீ முழித்துக்கொண்டே இருப்பாய், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

"உங்க மாமாவும் முழிச்சிக்கினுதான் உள்ள போனாரு பாப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறைகளையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சில மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் கை ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசமெல்லாம் முதல் சில வாரங்களில்தான். துளை போட்டுச் செய்தால் வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். ஓப்பனில் தழும்பு உள்ளங்கையில் இருக்கும், அழுத்தினால் கொஞ்ச நாள் வலிக்கும். கறக்கிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை. துளை முறையில் நரம்பு சற்று அடிபட்டு, கொஞ்ச நாள் மரமரப்பு நீடிக்க வாய்ப்பு கூடுதல். அதிலும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். போனில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் பயந்துபோய்த் துளையைக் கேட்டாள் என்று மட்டும் சொல்ல முடியாது. தழும்பையும் மாட்டையும் யோசித்துத்தான் கேட்டாள். லட்சுமம்மாகூட, அறுத்துக்கொள்வதிலும் இவளுக்கு ராணி மாதிரி சின்னதாக வேண்டுமாம் என்று கிண்டல் செய்தாராம்.

டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்த வழியானாலும் பரவாயில்லை, தள்ளிப்போடாதீர்கள். சதை ஒரு அளவுக்கு மேல் கரைந்துவிட்டால் எந்த ஆபரேஷன் செய்தாலும் பழைய பிடி திரும்பாது.

முதல் மாதம் சென்னை டாக்டர் வரவில்லை. அடுத்த முறை சினை மாடு கன்று போடும் நேரம். அக்கா வர முடியாது என்றுவிட்டாள். அதற்கடுத்த தேதியை ஆஸ்பத்திரியே மாற்றியது. இடையில் நாகபூஷணம் டாக்டரே போன் செய்து, நானே செய்துவிடுகிறேன், அரை மணி நேர வேலை என்றார். அவரிடம் அக்கா மரியாதையாகப் பேசினாள். அந்தச் சொல் இல்லாத ஆபரேஷன் வரும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாளாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எந்தச் சொல்லம்மா என்று கேட்டார். நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவர், அப்படியானால் வருகிற வியாழக்கிழமை சென்னை டாக்டர் வருகிறார், எப்படியாவது கூட்டிவந்துவிடுங்கள் என்றார்.

இந்த மாதங்களில் அக்கா மாட்டைப் பிடித்த விதம் மாறியிருந்தது. கடைசியாக ஊருக்குப் போனபோது கவனித்தேன். விரல்களில் கயிறு நிற்காததால் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வாள். நான் கேட்டதற்கு, "இன்னா பண்றது? விரல் விட்டுடுது, மணிக்கட்டு விடாது" என்றாள்.

மணிக்கட்டு விடவில்லைதான். அவளுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. கையில் வேறு வழி இல்லாமல் செய்தாள்.

விபத்து என்பதால் பிரேதப் பரிசோதனை முடியாமல் உடலைத் தர முடியாது என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த சந்துரு என் அருகில் நின்று, "அது பண்ணாம குடுக்க மாட்டாங்களா சின்னம்மா?" என்று கேட்டான். மாட்டார்கள் என்றேன்.

உள்ளே எடுத்துப்போவதற்கு முன் எங்களைப் பார்க்க விட்டார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு வரும்போது இரண்டு கை நகங்களையும் ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வலது கை நகங்கள் எல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தன. வலது கையால் வெட்ட வேண்டிய இடது கையில் கட்டை விரல் நகம் மட்டும் பாதி வெட்டியிருந்தது. மற்ற நான்கும் அப்படியே இருந்தன.