மூன்றாவது 'டக்'

என் தங்கை லாண்டரி வேன் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சொந்தப் பிக்கப் டிரக்கில் பந்தயம் போகிறாள். சிறுவயதில் அவள் முதன்முதலில் கழற்றிப் போட்டது என் சைக்கிளை. அன்றே எனக்குப் பெருமைதான். பள்ளிக்கு நடந்து போனேன்.

டிரக்கின் என்ஜினுக்குப் பலம் அதிகம். ஆனால் அந்தப் பலம் வேகமாகச் சுழன்றால்தான் வெளியே வரும். கிளம்பும்போது வண்டி சோம்பல் முறிக்கும். அதற்குள், வாராவாரம் அவளோடு மோதும் பெயிண்டரின் வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கும்.

"வாம்மா, வழி கண்டுபிடிச்சு வந்துட்டியா?" என்பார் அவர். ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி.

ஒருமுறையாவது அந்த வாயை மூட வேண்டும் என்று ஹை-ஸ்டால் டார்க் கன்வெர்ட்டர் வாங்கினாள். என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் உட்காரும், எண்ணெய் நிரம்பிய உருண்டை அது. பழையது என்ஜின் மெல்லச் சுழலும்போதே இழுக்கத் தொடங்கும். புதியது என்ஜின் நன்றாக வேகம் எடுக்கும்வரை விட்டுவைத்துப் பிறகு பிடிக்கும்.

சனிக்கிழமை, சமையலறையை ஒட்டிய ஷெட்டில் கியர்பெட்டியை நிமிர்த்தி வைத்து, உருண்டையை மேலே பொருத்திச் சுற்றினாள். மூன்று முறை 'டக்' என்று இறங்கினால்தான் அது முழுதாக உள்ளே உட்கார்ந்ததாக அர்த்தம். இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை.

அவள் கணவர் பொறுமை இழந்தார். "போல்ட்டைப் போட்டு இறுக்கு, தன்னால உள்ள போயிடும்."

"போகும். கூடவே பம்ப்பும் உடைஞ்சு போகும். நாளைக்கு உங்க முதுகுல ஏறித்தான் ரேஸ் ஓட்டணும்."

மாப்பிள்ளை முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக டிவியை அணைத்தோம். மின்விசிறியையும் நிறுத்தினோம். வியர்வை வழிய எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம். டக்!

"வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"அண்ணே, அது அம்மா மூடி போட்ட சத்தம்."

"நான் சமைக்கவா, வேண்டாமா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"கொஞ்ச நேரம் வேண்டாம்மா!"

அடுப்பும் அணைந்தது. தங்கை கண்ணை மூடி, குழந்தையின் தலையைத் திருப்புவதுபோல் உருண்டையை மெல்லத் திருப்பினாள். ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது. டக்.

அம்மாதான் முதலில் கை தட்டினாள். "சரி, இப்ப குழம்பை வைக்கலாமா?"

மறுநாள் பந்தயத்தில், ஒரு காலால் பிரேக்கை அழுத்தி, மறுகாலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். டிரக் நின்ற இடத்திலேயே உறுமியது.

பக்கத்து வண்டியிலிருந்து பெயிண்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கத்துது, நகரலையே?"

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது, பிரேக்கை விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அவள் முந்திக் கிளம்பியதுமே நான் துள்ளிக் குதித்ததில், முன்னால் நின்றவர் மேல் விழுந்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது பந்தயம் முடிந்திருந்தது.

எல்லைக்கோட்டுக்கு ஓடினேன். எதிரே பெயிண்டர்தான் வந்தார்.

"யாருங்க ஜெயிச்சது?"

"உங்க தங்கச்சிதான்."

"கூட்டத்துல சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

பாவம், நல்ல மனிதர். சத்தமாகவே சொன்னார்.