பொன்னாடை வேண்டாம் என்றோம்

கலஹாவில் பேராதனை பஸ் நகரத் தொடங்கிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நான் வந்துகொண்டிருந்தேன். கடைவாசலில் நின்ற ஒருவர் சொன்னார்: "என்னா ஓட்டக்காரி, ஓடிப் புடிக்கலாந்தானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சொன்னதல்ல. மாகாணப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓடி ஜெயித்த பிள்ளைக்கு எங்கள் தேயிலைத் தோட்டம் ஆசையாக வைத்த பெயர் அது. குதிகால் நரம்பு அறுந்து, தைத்து, இழுத்து இழுத்து நடக்கிற காலத்திலும் அது என்னை விடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். அதோடு வெளியே போவதையே விட்டேன்.

ஓட்டத்துக்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு கார்மென்ட் ஃபெக்டரி தன் அணிக்கு ஓட ஆள் தேடியது. வேலையும் தருகிறோம் என்றார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே போய்விட்டேன். கால் போனதும் வேலையும் போனது. அண்ணன் குடும்பம் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் தையல் மெஷினோடு உட்கார்ந்தேன். எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். ஓடிய காலத்தில் அந்தப் பயத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது, கால் வழியாக இறங்கிவிடும். இப்போது நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனால் யார் என்ன கேட்பார்கள், கோயிலுக்குப் போனால் யார் என் நடையைப் பார்ப்பார்கள் என்று யோசித்து யோசித்து, எங்கேயும் போகாமல் இருப்பதே சுலபமாகிவிட்டது.

அப்போதுதான் சமூக சேவை உத்தியோகத்தர் வேறு காரியமாக எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். எங்களுக்கு அவர் 'மிஸ்'. அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க நாத்தனாரையும் கொஞ்சம் பாருங்க மிஸ். கப்பு வாங்குன புள்ள. இப்ப சட்ட தைக்கக் குடுக்க வாரவங்களுக்குக்கூட நாந்தான் கதவு தொறக்கணும்."

நான் அடுப்படியில் ஒளிந்து நின்றேன். மிஸ் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வாசல் கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "நான் ஒண்டும் கேக்க வரேல்லை. தேத்தண்ணி தந்தா குடிச்சிட்டுப் போறன்."

அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும். ஒருநாள் குவளையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பிலிமத்தலாவையிலை ஒருத்தர் இருக்கிறார்" என்றார். "ஃபுட்போல் ஆடினவர். முழங்கால் போயிட்டுது. கடையைப் பூட்டினா வீடு, வீட்டைப் பூட்டினா கடை. ஒருத்தரோடையும் கதையில்லை."

"நான் போயி அவருக்கு என்னா செய்யப் போறேன் மிஸ்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். அவரும் உங்களுக்கு ஒண்டும் செய்யார். பஸ்ஸிலை நான் பக்கத்திலை இருக்கிறன், வாங்கோ."

இருந்தார். யன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, வழியெல்லாம் தன் வீட்டு ஆட்டைப் பற்றியே பேசினார்.

அது ஒரு ஹாட்வெயார் கடை. கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லாரும் 'நானா' என்றார்கள். அவர் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னார். தெல்தோட்டையில் இருந்து வொலிபோல் ஆடித் தோள் போன ஒருவரும் வந்திருந்தார். அதன்பிறகு ஞாயிறு தோறும் கூடினோம். அடிபட்ட காலையும் தோளையும் பற்றித்தான் பேச்சு. அதற்கு அங்கே ஒருவரும் "ஐயோ பாவம்" சொல்லவில்லை. நானா, "அதெல்லாம் ஒரு வலியா?" என்று தன் முழங்காலைக் காட்டுவார்.

பிறகு மிஸ் ஒரு தவறு செய்தார். எங்கள் தோட்டத்துச் சித்திரை வருசப் பிறப்பு விளையாட்டுப் போட்டியில் எங்களைக் கௌரவிக்க ஏற்பாடு செய்துவிட்டு, சந்தோசமாக வந்து சொன்னார்: "மேடையிலை இருத்தி, பொன்னாடை போத்தப் போறம்."

நானாதான் முதலில் வாய் திறந்தார்.

"செத்த மையத்துக்குப் போத்துற மாதிரித்தான் ஈக்கும் மிஸ். போத்திட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போயிருவாங்க."

சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை, முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்கும் தெரியும்: ஒருவரின் காலம் முடிந்துவிட்டது என்பதை மரியாதையாகச் சொல்லப் பொன்னாடையை விட நல்ல சாமான் கிடையாது. மாலை, கைதட்டு, போட்டோ. பிறகு யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். அன்றைக்கு மேடை ஏறினால், இறங்கி நேராகக் காம்பராவுக்குள் போய்விடுவேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"எனக்கு வேணாம் மிஸ்" என்றேன்.

மிஸ் கேட்டார்: "அப்ப என்ன வேணும்?"

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் கேட்டார். எத்தனையோ பேர் கேட்காமலே போர்த்திவிட்டுப் போகிறார்கள்.

"போட்டிய நாங்க நடத்துறோம். கோடு போடுறது, ஓட விடுறது, யாரு மொதல்னு பாக்குறது, எல்லாம்."

தோட்டத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "கால் சரியில்லாத பொம்பள, வெயில்ல எதுக்கும்மா? மேடையில குந்துங்க. அழகா போத்தி விடுறோம்."

"ஐயா, இவையள் மேடைக்கு வரமாட்டினம்" என்றார் மிஸ். "கிரவுண்டுக்கு வருவினம். இல்லாட்டி வீட்டிலை இருப்பினம். எது வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

போட்டி நாளில் நானாவும் தெல்தோட்டைக்காரரும் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். ஓட்டம் தொடங்க இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று அடிக்கிற வேலை என்னுடையது. முந்திய இரவு தூங்கவில்லை. பலகை வழுக்கினால், கூப்பிடுகிற குரல் அடைத்தால், கால் மடங்கி எல்லார் முன்னும் விழுந்தால்.

பெண் பிள்ளைகளின் இருநூறு மீற்றர் வந்தது. "ஒன் யுவர் மார்க்" என்றேன். "செட்" என்றேன். பலகை மோதுவதற்கு முன்பே தலைவரின் மகள் பாய்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பாய்ந்தார்கள். நிறுத்தச் சொல்லிப் பலகைகளைத் திரும்பத் திரும்ப அடித்தேன். வளைவில் தடுமாறி நின்றார்கள்.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "விடும்மா. புள்ளைங்க பாதித் தூரம் போயிருச்சு. அப்படியே ஓடட்டும்."

"இல்லைங்க. திரும்பி வரணும்."

"சின்னப் புள்ளைங்க வெளையாட்டுக்கு என்னாத்துக்கு இவ்வளவு சட்டம்?"

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

"ஒங்க மக முந்திட்டா. இன்னொருக்கா முந்தினா வெளிய அனுப்புவேன். நீங்க கோட்ட விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் முனகிக்கொண்டே திரும்பி வந்து, கோட்டுக்குப் பின்னால் குனிந்தார்கள். எல்லாத் தோள்களும் அசையாமல் நிற்கும் வரை காக்க வைத்தேன். தலைவரும் தள்ளி நின்று காத்தார்.