தண்ணீருக்கு மேலே ஒரு சாண்

என் அக்காவுக்கு ஊரார் வைத்த பெயர் 'சாண்'. கோரை அறுக்கும்போது தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தாளை விட்டுத்தான் அரிவாள் போடுவாள். அத்தான் போன பிறகு பதினொரு வருடமாக அந்தச் சதுப்பைத் தனியாளாகக் கட்டிக் காத்தவள். முழங்காலுக்குக் குறைந்த தண்ணீர், நல்ல வெயில், காலை உள்ளிழுக்கும் சேறு. கோரைக்கு வேறொன்றும் வேண்டாம். தாளில் கணு கிடையாது, உள்ளே வெறும் பஞ்சு. "அந்தப் பஞ்சு வழியாத்தான் சேத்துக்குள்ள கிழங்கு மூச்சு விடுது" என்பாள். பாய்க் கம்பெனிக்குக் கோரை பிடித்துக் கொடுக்கும் நான் சிரிப்பேன்.

இந்தத் தடவை கம்பெனியில் நீளத் தாள் கேட்டார்கள். நான்தான் போய் நச்சரித்தேன்.

"அந்த ஒரு சாணையும் சேத்து அறுத்துக் குடுக்கா. தண்ணியில விட்டு என்ன பண்ணப் போற?"

"மழை வந்தா?"

"வானம் வெளுத்துக் கிடக்கு. எனக்காகச் செய்யேன்."

தம்பி பேச்சைத் தட்டத் தெரியாதவள், அறுத்துவிட்டாள். மூன்றாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. அறுத்த அடிக்கட்டைகள் அத்தனையும் முங்கிப் போயின.

தண்ணீரை வடியவிடச் சொல்லி மதகுக்காரரிடம் ஓடினோம்.

"கீழ இப்பதான் நாத்து நட்டிருக்காங்க. திறந்தா எல்லாம் போயிடும். பத்து நாள் பொறுங்கம்மா."

"பத்து நாள் மூச்சப் பிடிச்சுக்க முடியுமாண்ணே?" என்றாள் அக்கா.

அவர் மேல் தப்பில்லை. திட்டக்கூட ஆளில்லாமல் திரும்பினோம். சதுப்பு பொதுச் சொத்து. பச்சை இருக்கும்வரைதான் அவளுடையது, வெறும் தண்ணீரானால் மீன் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

ஒரு மூலையில் சேற்றால் வரப்பு கட்டி இரண்டு பேரும் வாளியால் இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. எட்டாம் நாள் அக்கா ஒரு கிழங்கைப் பிடுங்கினாள். வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டியது கறுத்துக் கொழகொழத்து நாறியது. இன்னும் நான்கு இடத்தில் பிடுங்கினாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அறுத்த கோரைக் கட்டுகளை ஏற்ற லாரி வந்தது. அக்கா கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் பிரித்து, அடியில் வெளுத்திருந்த பாகத்தைச் சாண் வைத்து அளந்து நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனி அத போட்டு என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா இது கிழங்கோடது."

லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் இன்னொரு அரிவாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.