மாசிலாமணியின் கடைசி மேண்டில்

திண்டிவனத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்ட மாசிலாமணி, தன் விளக்கைப் பிறர் தலையில் ஏற்றியதே இல்லை. காரணம், மேண்டில். புதிதில் அது வெறும் நூல் பை. முதலில் பற்றவைத்ததும் நூல் எரிந்துபோகும். அதில் ஊறியிருந்த தோரியமும் சீரியமும் சாம்பல் கூடாக நிற்கும். தொட்டால் பொடி. ஆனால் வெளிச்சம் தருவது அந்தக் கூடுதான். அதில் சீரியம் நூற்றில் ஒரு பங்கு. அந்தச் சிட்டிகை இல்லாவிட்டால் தோரியம் அழுது வடியும். சேர்ந்தால் பந்தல் பகலாகும். சிகரெட் லைட்டர் கல்லில் பொறி பறப்பதும் சீரியத்தால்தான்.

சீரியத்துக்கு அபூர்வ மண் என்று பெயர். திருவிதாங்கூர்க் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. மணல் இங்கே, மேண்டில் தயாராவது சீமையில். யுத்தம் வந்ததும் வரத்து நின்றது. மாசிலாமணியிடம் மிஞ்சியது ஒன்று. அந்த நேரத்தில் அவருக்குக் கல்யாணம்.

பெண்ணின் ஊரான காணையில் காலையில் தாலி கட்டியாயிற்று. மாலையில் ஊர்வலம். வண்டி ஓட்டிய நண்பன் முத்து கெஞ்சினான்.

"டேய், நீ மாப்ளைடா. வண்டியில குந்து. வெளக்குக்கு வேற ஆளப் போடலாம்."

"எவன் நடந்தாலும் ஆட்டுவான். நாளைக்குத் திருவெண்ணெய்நல்லூர் கல்யாணத்துக்கு ஒத்துக்கினு இருக்கேன். இது ஒடஞ்சா, யுத்தம் முடியறவரைக்கும் கடைய மூடிக்கினு குந்தவேண்டியதுதான்!"

கழுத்தில் மாலை, தலையில் சும்மாடு, அதன்மேல் விளக்கு. நிறைகுடம் சுமப்பவர்போல் மாசிலாமணி முன்னால் நடந்தார். பின்னால் வண்டியில் மணப்பெண் கொளஞ்சி தனியாக வந்தாள்.

"மாப்ளை எங்கம்மா?" என்றாள் ஒருத்தி.

"அதோ, வெளக்குக்குக் கீழ" என்றாள் கொளஞ்சி.

பெண் வீட்டு வாசல்வரை மேண்டில் அசையவில்லை. அங்கே கொளஞ்சியின் அத்தை கிளியம்மாள் ஆலத்தட்டோடு நின்றாள்.

"குனிங்க மாப்ளை."

விளக்கு சாயாமல் முழங்காலை மடக்கிக் குனிந்தார். அத்தை மூன்று சுற்று சுற்றினாள். மாப்பிள்ளை நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊரு கண்ணெல்லாம் இதும்மேலதான் பட்டிருக்கு" என்று, ஆலத் தண்ணீரில் விரலை நன்றாக நனைத்து, சூட்டில் தகதகத்த கண்ணாடியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

பட்டென்று கண்ணாடி தெறித்தது. மேண்டில் பொலபொலவென்று உதிர்ந்தது. தெருவே இருண்டது.

"பாத்தியா, எம்மாம் பொல்லாத கண்ணு!" என்றாள் அத்தை.

மாசிலாமணி குனிந்தது குனிந்தபடி நின்றார். வண்டியிலிருந்து கொளஞ்சியின் குரல் வந்தது.

"அதான் போயிடுச்சில்ல? இப்பனாச்சும் வந்து பக்கத்துல குந்துங்க."

விளக்கைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு என்ன பதில் சொல்வது என்று முனகிக்கொண்டே ஏறினார். முத்து யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பி, இருட்டிலேயே தெருவை இன்னொரு சுற்று ஓட்டினான்.