எறும்புக்கு முதல் பங்கு

எங்கள் ஆலையில் கொப்பரை முன்னால் நிற்பவர் சோலையண்ணன். கரும்புச் சாறு கொதித்து, அழுக்கு மேலே திரண்டு, கடைசியில் பாகு இறுகுகிற அந்த நொடியை அவரைப்போல் பிடிக்க மறையூரில் அன்றைக்கு இன்னொருவர் இல்லை. அந்தப் பாகை உருண்டை பிடிக்கிறவன் நான். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனும்கூட. வெல்லத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர் என்று அவரை நான் வாய் ஓயாமல் கேலி செய்வேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

எழுபத்தாறாம் வருடம் மார்கழி பிறந்த இரண்டாம் நாள், அவருடைய ஒரே மகள் சின்னத்தாய் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். தாயில்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று சம்பந்தி வீட்டில் தயங்கினார்கள். "நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லி அழைத்து வந்தவர் அவர்தான். வந்த வாரமே சுகாதார நிலையத்து மலையாள நர்ஸம்மா அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரத்தம் தீரே இல்லை. குளிகை கொடுத்தா எல்லாம் சர்த்திக்குது, வாந்தியாப் போகுது. தினமும் கீரை கொடுக்கணும். இல்லேன்னா பிரசவம் கஷ்டமாகும், கேட்டோ."

அதைக் கேட்டு அண்ணன் எதை நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி இரண்டாவது பிரசவத்தில் போனாள், பிள்ளையும் தங்கவில்லை. அப்போதும் ரத்தம் இல்லை என்றுதான் சொன்னார்கள். வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தபோது கொப்பரையில் பாகு இறங்குகிற நேரம். "இந்தா, இறக்கிட்டு வந்துடுறேன்" என்றார். இறக்கிவிட்டுத்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது.

சந்தைக்குக் கீரை உடுமலையிலிருந்து பஸ் ஏறி வரவேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் வதங்கித் துவண்டு வரும். அதனால் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் தானே கீரை போடுவது என்று முடிவு செய்தார். மனைவி இருந்தவரை அங்கே அவரைப் பந்தல் இருந்தது. அவளுக்குப் பிறகு உடைந்த பானைகளும் நாயுருவியும்தான். ஐப்பசி மழையோடு விதைத்திருக்க வேண்டியதை மார்கழிக் குளிரில் கொத்த ஆரம்பித்தார். விடியுமுன் ஆலைக்குப் போய், பொழுது சாயும்போது திரும்பி, அதற்கப்புறம் மண்வெட்டி. நாலு நாளில் ஆள் பாதியானார்.

விதைக்கிறதோடு விட்டிருக்கலாம். கொப்பரையில் வழித்தெடுக்கும் அழுக்கை நாங்கள் மாட்டுக்குக் கொடுப்போம், மாடு மினுமினுவென்று இருக்கும். மாட்டுக்கு ஆவது மண்ணுக்கும் ஆகும் என்று அண்ணன் கணக்குப் போட்டார். குடம் குடமாகச் சுமந்து வந்து பாத்தியில் கொட்டிக் கலந்து, அதன்மேல் தண்டுக்கீரை விதையைத் தூவினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

எட்டு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. என் மனைவி வேலுத்தாய் வேலியைத் தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தாள். மண்ணெல்லாம் எறும்பு. கடுகைவிடச் சின்ன விதைகளைத் தூக்கிக்கொண்டு சாரை சாரையாகப் புற்றுக்குப் போயிருக்கின்றன.

"என்னண்ணே, பாத்தி போட்டீகளா, எறும்புக்குப் பந்தி வச்சீகளா? இனிப்பக் கொட்டிட்டு விதையப் போட்டா அது விட்டு வைக்குமா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்து, "எட்டு நாள் போச்சே தாயி" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என் சிரிப்பை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மேல்மண்ணை வழித்து எறிந்து, வேறிடத்தில் இன்னொரு பாத்தி கட்டினார். வேலுத்தாய் சொன்னபடி விதையில் சாம்பலைக் கலந்தார். பாத்தியைச் சுற்றி ஒரு பிடி அரிசி நொய்யைத் தூவினார், எறும்பு அதைத் தின்றுகொண்டு விதையை விட்டுவிடட்டும் என்று. வாய்க்காலிலிருந்து தினமும் ஆறு குடம் தண்ணீர். ஒரு சாயங்காலம் நான் போனபோது பாத்தியோரத்தில் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. மீதி இரண்டு குடத்தை நானே ஊற்றினேன்.

குளிரில் கீரை சோம்பலாகத்தான் வளர்ந்தது. தை மாதம் பாதிக்குமேல் போனபிறகுதான் பிடுங்குகிற அளவுக்கு வந்தது. சின்னத்தாய்க்கு அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும்.

"தெனமும் கீரையா அய்யா? மாடு மாதிரி ஆயிட்டேன்."

"மாடு நல்லா இருக்குல்ல? தின்னு" என்பார்.

பதினேழு நாள் தின்றாள். பதினெட்டாம் நாள் பிற்பகல் வேலுத்தாய் ஆலைக்கு ஓடி வந்தாள். கொப்பரையில் பாகு நுரைத்து இறங்குகிற நேரம். கையில் துடுப்போடு நின்ற அண்ணன் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே துடுப்பைக் கீழே போட்டார். "பாகு போயிரும்யா!" என்று முதலாளி கத்தினார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நாங்கள் நாலு பேர் கொப்பரையை இறக்கப் பார்த்தோம். எங்களுக்கு அந்தப் பதம் தெரியவில்லை. மொத்தமும் கருகிப்போனது. எனக்கு வருத்தமே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு உள்ளறைக் கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவும் முடியாது, நகரவும் மாட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் நர்ஸம்மா வெளியே வந்தாள்.

"பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணுமில்லை. பெண்குழந்தை. ரத்தம் கொஞ்சம் போச்சு, பின்னே நின்னுட்டுது. ரெண்டு பேரும் சுகம். இனியும் கீரை கொடுக்கணும், பால் வேணுமே."

அண்ணன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எட்டு வருடமாக அழாததையும் சேர்த்துத்தான் அழுதார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் ஆலைக்கு வரவில்லை. பாகைக் கருகவிட்டவன் இனி வரவேண்டாம் என்று முதலாளியும் சொல்லியனுப்பியிருந்தார். அதைச் சொல்லத்தான் நான் போனேன். பின்பக்கம் மூன்றாவது பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது.

"அண்ணே, மாசி பிறந்தாச்சு. இனி வெயில்தான். இப்பப் போயி யாராவது விதைப்பாகளா?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். ஆலையைப் பற்றி நான் சொன்னதற்கும் அதே பதில்தான். பிறகு மடியிலிருந்து நொய்யை எடுத்துப் பாத்தியைச் சுற்றி நிதானமாகத் தூவினார். எறும்புகள் வந்து சேரும்வரை குந்தியிருந்து பார்த்தார். அவை வந்த பிறகுதான் விதையைக் கையில் எடுத்தார்.