கடையத்துக்காரன் சொல்லியும் இழுத்த கால்

போலீசில் சேர்ந்தே தீர வேண்டும் என்று நான் அலைந்த வருஷம் அது. திருவேங்கடம் பக்கம் எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. வானம்தான் எங்களைப் பார்க்கவில்லை. வீட்டில் ஐந்து வாய். வேறு வழி அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை.

ஆள் எடுப்பதற்கு முந்தின மாதம் தென்காசியில் குஸ்திப் போட்டி வைத்தார்கள்.

"பரிசு குடுக்க இன்ஸ்பெக்டர் வாராராம்லே. செயிச்சவன் மூஞ்சி அவருக்கு மறக்குமா?" என்றான் மாமன் மகன். அவனும் போலீசுக்கு முயன்றவன்தான்.

குஸ்தியில் எனக்கு ஒரே ஓர் இடத்தில் பயம். எதிராளியைச் சாய்த்துவிட்டு, அவன் கால்களைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறும்போது, கீழே கிடப்பவன் தன் இரண்டு காலாலும் நம் ஒரு காலைப் பின்னிக்கொள்வான். பின்னிவிட்டால் நகர முடியாது.

அதற்குத்தான் நானும் மாமன் மகனும் குற்றாலத்தில் பழகினோம். சாரல் நேரம். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்க்காமல் போவதில்லை. நாங்களும் தலைமுதல் கால்வரை தேய்த்துக்கொண்டு, அது ஊறும்வரை புல்தரையில் பிடி போடுவோம். அவன் பின்னுவான், நான் வெடுக்கென்று இழுப்பேன், கால் வந்துவிடும். பத்துத் தடவை என்றால் பத்துத் தடவையும் வரும். "உன்ன எவனாலயும் பூட்ட முடியாதுலே" என்றான். எண்ணெய் செய்த வேலையை என் சாமர்த்தியம் என்று நம்பினேன், மடையன்.

கோதாவில் இறங்கியதும் இரண்டு பேரும் ஒருவர் உடம்பில் ஒருவர் செம்மண் அள்ளிப் பூச வேண்டும். யாரும் வழுக்கித் தப்பிக்கக் கூடாது என்பதற்குத்தான் அது. தெரியாத வழக்கமா? சின்ன வயசிலிருந்து பார்த்தது. என் காலை அது என்ன பாடு படுத்தும் என்றுதான் யோசிக்கவில்லை.

எதிராளி கடையத்துக்காரன். அவனைச் சாய்த்துவிட்டேன். தாண்டும்போது பின்னினான். இழுத்தேன், வரவில்லை. மறுபடியும் இழுத்தேன்.

"இழுக்காதலே, முட்டி போயிரும். ஊனி உக்காரு" என்று கீழே கிடந்தபடியே முணுமுணுத்தான்.

கோதாவில் எதிராளி பேச்சை எவன் கேட்பான்? தந்திரம் பண்ணுகிறான் என்று நினைத்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உடம்பைத் திருப்பி இழுத்தேன். முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு முன்னால் கத்தியது அவன்தான்.

பின்னிய காலை இழுக்கவே கூடாதாம். முட்டியை மண்ணில் ஊன்றி, அவன் மேலேயே பாரத்தைப் போட்டு உட்கார்ந்து, பின்னலில் மேலே கிடக்கும் அவன் காலைக் கையால் தள்ளிப் பிரிக்க வேண்டும். அவன் சொன்னதும் அதைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆள் எடுக்கிற அன்று முட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு வரிசையில் நின்றேன். உயரம் தேறியது, மார்பளவும் தேறியது. ஓட்டத்தில் ஒரு சுற்றுகூட முடியவில்லை, மடங்கி விழுந்தேன். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மாமன் மகன் நின்று, திரும்பி வந்து கையை நீட்டினான்.

"போலே, ஓடுலே" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

அவன் ஓடினான், தேறினான். நம்மில் ஒருவனாவது தேறினானே என்று நான் நினைத்திருக்க வேண்டும். மண்ணில் கிடந்து அவன் ஓடுவதைப் பார்த்தபோது, இவனும் விழுந்துவிட மாட்டானா என்றுதான் நினைத்தேன்.